தலைமைக்குத் தேவை துணிவா, நுணுக்க அறிவா?



ஒரு நாட்டின் தலைமைப் பொறுப்பை ஏற்பவரிடம் மக்கள் எதிர்பார்க்கும் குணங்கள் பல. நேர்மை, உழைப்பு, பரிவு ஆகியவை பற்றிக் கருத்து வேற்றுமை எழுவதில்லை. ஆனால், விரைந்து முடிவெடுக்கும் துணிவு முதன்மையானதா, ஒவ்வொரு பொருளையும் அதன் நுணுக்கங்களுடன் அறிந்திருக்கும் அறிவு முதன்மையானதா என்ற வினா எழும்போது கருத்துகள் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு சாரார், "தலைவர் கப்பலின் மாலுமி போன்றவர், இயந்திரத்தின் ஒவ்வொரு திருகாணியையும் அவர் அறிய வேண்டுவதில்லை, திசையைத் தீர்மானித்தால் போதும்" என்பர். மற்றொரு சாரார், "இயந்திரத்தின் வலிமை தெரியாத மாலுமி கப்பலைப் பாறையில் மோதுவார்" என்பர். இரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆனால் உவமைகள் வழக்கைத் தீர்ப்பதில்லை. நாடுகளின் அனுபவம் என்ன கூறுகிறது என்று பார்ப்பதே முறை.

இவ்வினா தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் அரசனுக்கு உரியவற்றைக் கூறும் பகுதியில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நான்கும் அறிதலைப் பற்றியவை. வினைத்திட்பம் என்னும் அதிகாரமோ அமைச்சரைப் பற்றிய பகுதியில், பின்னர் வருகிறது. ஆராய்தல் முன்னும் உறுதி பின்னுமாக அமைந்த இவ்வரிசை சிந்திக்கத்தக்கது. அறிவின்றி உறுதி இல்லை என்பது மட்டுமன்று. எந்த அறிவு, எவ்வளவு அறிவு, எந்தக் காலத்தில் என்பவையும் அங்கே வகுக்கப்பட்டுள்ளன.

அறிவு இருந்தும் முடிவு இல்லாத காலம்

சுதந்திர இந்தியாவின் உணவு வரலாறு இவ்வினாவுக்குச் சிறந்த உரைகல். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவுடன் பி.எல். 480 உடன்பாடு முதன்முதலாகக் கையெழுத்தானது. அதன்பின் ஆண்டுதோறும் அமெரிக்கக் கோதுமை இந்தியத் துறைமுகங்களில் வந்திறங்கியது. விளைச்சலைப் பெருக்கும் வழி அக்காலத்தில் எவருக்கும் தெரியாமல் இல்லை. உணவு நெருக்கடியைப் பற்றி 1959ஆம் ஆண்டில் போர்டு அறக்கட்டளையின் வல்லுநர் குழு அறிக்கை அளித்தது. உரம், நல்ல விதை, பாசனம், கட்டுப்படியாகும் விலை ஆகியவை ஒருங்கே உழவரைச் சென்றடைய வேண்டும் என்பது அதன் சாரம். 1960-61இல் தஞ்சாவூர், மேற்கு கோதாவரி, லூதியானா, அலிகார் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில் தீவிர வேளாண்மைத் திட்டமும் தொடங்கப்பட்டது.

ஆயினும், நாட்டின் முதலீட்டிலும் கவனத்திலும் வேளாண்மைக்கு அந்த அறிக்கைகள் வேண்டிய இடம் கிடைக்கவில்லை. கப்பல்கள் வந்துகொண்டிருந்தமையால் அவசரம் உணரப்படவில்லை. அறிவு கோப்புகளில் இருந்தது, வயலில் இல்லை. நுணுக்க அறிவு மட்டுமே ஒரு நாட்டைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு அந்த ஆண்டுகளே சான்று.

1965-66ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. முந்தைய ஆண்டில் 8.94 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 7.23 கோடி டன்னாக வீழ்ந்தது. 1966ஆம் ஆண்டில் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்ய நேர்ந்தது. வந்த தானியமும் உடனுக்குடன் உண்டு தீர்க்கப்பட்டது. கப்பல் ஒரு வாரம் தாமதித்தால் நியாயவிலைக் கடையில் அரிசியும் கோதுமையும் இல்லை என்னும் நிலையில் கோடிக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன.

விதையில் எடுத்த முடிவு

1964ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். அதுவரை எஃகுத் துறையைக் கவனித்து வந்த சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண்மை அமைச்சராக நியமிக்கப்பட்டார். பொள்ளாச்சிப் பகுதி வேளாண் குடும்பத்தில் பிறந்து, பௌதிகமும் சட்டமும் பயின்றவர் அவர். வேளாண் விஞ்ஞானி அல்லர். அக்காலத்தில் எஃகுத் துறை பெருமைக்குரியதாகவும், உணவுத் துறை பெயரைக் கெடுப்பதாகவும் கருதப்பட்டது.

மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைரகக் கோதுமையைப் பற்றி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள் முன்பே அறிந்திருந்தனர். அவர்களுள் முக்கியமானவர் எம்.எஸ். சுவாமிநாதன். போர்லாக் 1963இல் இந்தியாவுக்கு வந்து வயல்களைப் பார்வையிட்டார். அதே ஆண்டில் சோனோரா 64, லெர்மா ரோஹோ போன்ற ரகங்களின் விதை சிறிய அளவில் வந்து சேர்ந்தது. நெடிய தண்டுடைய பழைய கோதுமைக்கு உரம் மிகுதியாக இட்டால் கதிரின் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். ஜப்பானிய நோரின் 10 ரகத்தின் குட்டைத் தன்மையைப் பெற்ற புதிய ரகங்கள் சாயவில்லை. இட்ட உரத்தைத் தானியமாக மாற்றின.

இந்த விதை உழவரிடையே பரவ வேண்டுமாயின் மூன்று காரியங்கள் நடைபெற வேண்டியிருந்தன. விதையைப் பெருமளவில் இறக்குமதி செய்தல் வேண்டும். ரசாயன உரத்துக்கு அன்னியச் செலாவணி ஒதுக்குதல் வேண்டும். விளைந்த தானியத்துக்கு உழவருக்குக் கட்டுப்படியாகும் விலையை அரசு உறுதி செய்தல் வேண்டும். மூன்றுக்கும் எதிர்ப்பு இருந்தது. அன்னியச் செலாவணி அருகியிருந்த நிலையில் உர இறக்குமதி தகுமா என நிதித்துறை கேட்டது. விலையை உயர்த்தினால் நகரத்து ஏழைகளின் நிலை என்னாகும் என்று வேறு சிலர் வினவினர். வசதி படைத்த உழவரே பயன் பெறுவர், அன்னிய விதையுடன் அன்னிய நோயும் வரும் என்ற ஐயங்கள் திட்ட வல்லுநர்களாலும் நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டன. இந்த வினாக்களுள் எதுவும் பொருளற்றதன்று என்பதைக் கவனத்திற் கொள்ள வேண்டும். எதிர்த்தவர்களும் விவரம் அறிந்தவர்களே.

இத்தகைய நிலையில்தான் தலைமையின் தன்மை வெளிப்படுகிறது. வல்லுநர்கள் ஒருமித்து உரைக்கும்போது முடிவெடுக்கத் தலைவர் தேவையில்லை, எழுத்தரே போதும். அறிந்தவர்கள் மாறுபடும்போது எந்த ஐயம் காரியத்தை நிறுத்தத்தக்கது, எந்த ஐயம் காரியத்துடன் சேர்த்துக் கவனிக்கத்தக்கது என்று பிரித்தறிவது தலைவரின் வேலை. சுப்பிரமணியம் விஞ்ஞானிகளை அழைத்து நேரடியாக வினவினார். 1964-65இல் உழவர்களின் சொந்த வயல்களிலேயே செயல்விளக்கப் பண்ணைகள் நடத்தப்பட்டன. ஆராய்ச்சி நிலையத்துக் காவலில் விளைந்தது சாதாரண உழவர் கையிலும் விளையுமா என்பதே அங்கே சோதிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டில் 250 டன் விதை வரவழைக்கப்பட்டது. சாஸ்திரி 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் மறைந்தபின் இந்திரா காந்தியின் அரசும் அதே வழியில் சென்றது. அந்த ஆண்டில் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை இறக்குமதியாயிற்று.

18,000 டன் என்பது அன்று பெருந்துணிவாகக் கருதப்பட்டது. ஆனால் அத்துணிவுக்கு ஒரு கணக்கும் இருந்தது. ஹெக்டேருக்கு 100 கிலோ விதை என்று கொண்டால் அது 1,80,000 ஹெக்டேருக்குப் போதுமானது. நாட்டின் கோதுமைப் பரப்பு அப்போது ஏறத்தாழ 1.3 கோடி ஹெக்டேர். எனவே, முயற்சி முற்றிலும் தோற்றிருந்தாலும் நூற்றில் ஒன்றரைப் பங்கு நிலமே பாதிக்கப்பட்டிருக்கும். வெற்றி பெற்றால் அடுத்த பருவத்துக்கு வேண்டிய விதை நாட்டிலேயே பெருகிவிடும். தோல்வியின் எல்லை சிறிதாகவும் வெற்றியின் எல்லை பெரிதாகவும் அமைந்த முடிவு அது. இதனைத் துணிவு என்பதா, அறிவு என்பதா?

அறியாத் துணிவு விளைத்த கேடு

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றையும் காணலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் சமையல் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் கடும் தட்டுப்பாடு நிலவியது. கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்காவில் முப்பது லட்சம் ஏக்கருக்கு மேல் காடழித்து நிலக்கடலை பயிரிடுவதென 1946-47இல் பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. சில வாரங்கள் நடந்த ஆய்வே அதற்கு அடிப்படை. முன்னோட்டப் பண்ணை அமைத்துப் பார்க்கக் காலம் இல்லையெனக் கருதப்பட்டது.

கோங்வா என்ற இடத்தில் வேலை தொடங்கிய பின்னரே, அந்த நிலத்து மண் மழை நின்றதும் செங்கல் போல் இறுகிவிடும் என்பதும், இறுகிய மண்ணிலிருந்து கடலையைப் பறித்தெடுக்க இயலாது என்பதும், கடலைக்கு வேண்டிய மழையும் அங்கே நிச்சயமில்லை என்பதும் தெரியவந்தன. புதர்களின் வேர்கள் இயந்திரங்களை முறித்தன. அங்கே வாழ்ந்துவந்த மக்கள் அந்நிலத்தில் ஏன் பெரும் பயிர் செய்யவில்லை என்ற கேள்விக்கு உரிய காலத்தில் விடை தேடப்படவில்லை. 1951இல் திட்டம் கைவிடப்பட்டபோது 3 கோடியே 60 லட்சம் பவுன் வராக்கணக்கில் எழுதப்பட்டது. அம்முடிவில் உறுதிக்குக் குறைவில்லை. மண்ணைப் பற்றிய அறிவே குறைவு.

இதனினும் கொடிய பாடம் சீனாவில் கிடைத்தது. 1958இல் தொடங்கிய மாபெரும் பாய்ச்சல் திட்டத்தில் சிற்றூர்களின் கொல்லைப்புறங்களில் உலைகள் அமைத்து இரும்பு உருக்குமாறு மக்கள் ஏவப்பட்டனர். தானியத்தைத் தின்னும் எனச் சிட்டுக்குருவிகளைக் கொல்லும் இயக்கமும் நடந்தது. பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்பதும் அந்தக் குருவியே என்ற எளிய உண்மையைப் பறவையியல் அறிஞர்கள் எடுத்துரைத்த பின்னர், 1960இல் குருவி அழிவுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஆனால் சீனத் துன்பத்தின் மூலகாரணம் குருவியைப் பற்றிய அறியாமை மட்டுமன்று. 1958ஆம் ஆண்டின் தானிய விளைச்சல் முதலில் 37.5 கோடி டன் என அறிவிக்கப்பட்டது. உண்மையில் விளைந்தது ஏறத்தாழ 20 கோடி டன். மேலிடத்தை மகிழ்விக்க ஒவ்வொரு நிலையிலும் கணக்கு உயர்த்தப்பட்டது. உயர்ந்த கணக்கின்படி கிராமங்களிலிருந்து தானியம் எடுத்துச் செல்லப்பட்டது. 1959இல் லூஷான் மாநாட்டின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் டெஹுவாய் நிலைமையைச் சுட்டி மாவோவுக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவியிழந்தார். அதன்பின் உண்மை உரைக்க எவரும் முன்வரவில்லை. பஞ்சத்தில் மாண்டவர் பல கோடியர். அங்கே அறிவு இல்லாமற் போகவில்லை. அறிவு தலைமையை அடையும் வழி அடைபட்டது. துணிவுக்குப் பெயர்பெற்ற தலைவர்களுக்கு நேரும் முதல் ஆபத்து இதுவே. அவர் கேட்க விரும்புவது எது என்பதை அறிந்துகொண்ட சுற்றம் அதனையே கூறத் தொடங்கிவிடும்.

தலைவர் அறிய வேண்டிய நுணுக்கம்

அப்படியாயின் தலைவர் எல்லா நுணுக்கங்களையும் தாமே அறிய வேண்டுமா? அது இயலாது, தேவையும் அன்று. குட்டைரகக் கோதுமையை மேலாக விதைக்க வேண்டும், ஆழமாக விதைத்தால் முளை மேலே வராது என்பது பயிரியலார் அறிந்தது. விதைத்த 21ஆம் நாளையொட்டி, முடிவேர் தோன்றும் பருவத்தில் முதல் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பதும் அவர்கள் கண்டறிந்ததே. மெக்சிகோ கோதுமையின் சிவப்பு நிறம் இந்தியச் சந்தைக்கு ஏற்காது எனக் கண்டு, கல்யாண் சோனா, சோனாலிகா போன்ற வெளிர்மஞ்சள் மணி ரகங்களைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்களே. இவற்றைப் பிரதமர் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. இவற்றை அறிந்தவர் எவர், அவர் சொல் ஏற்கப்படும் இடத்தில் அவர் இருக்கிறாரா என்பதைப் பிரதமர் அறிந்திருக்க வேண்டும்.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் 1965இல் திருத்தியமைக்கப்பட்டபோது, அதன் தலைமைப் பொறுப்பு முதன்முறையாக விஞ்ஞானி ஒருவரிடம், பி.பி. பாலிடம், ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் வேளாண் விலைக் குழுவும், தஞ்சாவூரில் முதல் அலுவலகத்தைத் திறந்த இந்திய உணவுக் கழகமும் தோன்றின. ஒன்று ஆராய்ந்து சொல்ல, ஒன்று விலை கூற, ஒன்று வாங்கிச் சேமிக்க என அமைந்தன. அறிவு மேலே செல்லவும் முடிவு கீழே வரவும் வாய்க்கால் வெட்டப்பட்டது என்பதே இதன் பொருள்.

தலைவர் சிலவேளை தாமே வயலுக்குச் செல்ல வேண்டியதும் உண்டு. 1964 அக்டோபர் இறுதியில் சாஸ்திரி குஜராத்திலுள்ள ஆனந்துக்கு, அமுல் கூட்டுறவின் கால்நடைத் தீவனத் தொழிற்சாலைத் திறப்பு விழாவுக்காகச் சென்றார். விழாவுக்கு முந்திய இரவை அருகிலுள்ள அஜர்புரா சிற்றூரில் ஒரு குடும்பத்தாருடன் கழித்தார். ஊர் மக்களிடம் நெடுநேரம் பேசினார். மறுநாள் வர்கீஸ் குரியனிடம் அவர் கேட்டது, மற்ற இடங்களில் தோற்ற பால்பண்ணை முயற்சி இங்கு மட்டும் வென்றது ஏன் என்பதே. மண்ணும் மழையும் மாடும் இங்கே சிறப்பாக இல்லையே என்று அவர் முன்னதாகவே பார்த்து வைத்திருந்தார். பால்பண்ணை உழவருக்கே சொந்தம், அதனை நடத்துவோர் உழவருக்குப் பொறுப்பானவர்கள் என்பதே குரியன் அளித்த விடை. 1965இல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்திலேயே அமைந்தது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கிற்று. 1998இல் இந்தியா உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாயிற்று. ஓர் இரவில் பால்பண்ணைத் தொழிலைக் கற்றுவிட இயலாது. சரியான கேள்வியைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போதுமானதாயிற்று.

காத்திருப்பதும் முடிவே

முடிவெடுத்தல் என்பது எப்போதும் உடனே செயற்படுதல் என்று பொருள்படாது. 1971 ஏப்ரலில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் பெருகி வந்தபோது, உடனே படை நகர வேண்டுமென்ற கருத்து தில்லியில் இருந்தது. மழைக்காலத்தில் ஆறுகள் கடல்போல் விரியும், படைகள் ஆயத்தமாகக் காலம் வேண்டும், குளிர்காலத்தில் இமயக் கணவாய்கள் பனியால் மூடப்படும் எனத் தாம் பிரதமரிடம் எடுத்துரைத்ததாகத் தளபதி மானெக்‌ஷா பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். இந்திரா காந்தி காத்திருந்தார். டிசம்பர் 3ஆம் நாள் மூண்ட போர் 16ஆம் நாள் டாக்காவில் சரணாகதியுடன் முடிந்தது. காலமும் இடமும் அறிந்தவரின் சொல்லுக்குச் செவிசாய்த்துப் பொறுத்திருப்பதும் துணிவின் ஒரு வடிவமே.

வெற்றிக்குப் பின் வேண்டும் விழிப்பு

1967-68இல் கோதுமை விளைச்சல் 1.65 கோடி டன்னை எட்டியது. 1964-65இல் அது 1.23 கோடி டன்னாகவே இருந்தது. சேமிக்க இடமின்றிச் சில ஊர்களில் பள்ளிக் கட்டடங்களிலும் தானியம் குவிக்கப்பட்டது. 1968 ஜூலையில் கோதுமைப் புரட்சியைக் குறிக்கும் அஞ்சல் தலையை இந்திரா காந்தி வெளியிட்டார். அம்முடிவுக்கு வித்திட்ட சுப்பிரமணியமோ 1967 தேர்தலில் தோல்வியுற்றிருந்தார். சரியான முடிவு உரிய காலத்தில் வாக்குகளாக மாறும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. அதனை அறிந்தும் முடிவெடுப்பதே பொறுப்பு.

ஆயினும் வரலாறு அங்கே நிற்கவில்லை. நிலத்தின் வளத்தைக் காக்காமல் தீவிர சாகுபடி செய்தால், பூச்சிக்கொல்லியையும் நிலத்தடி நீரையும் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தினால் பெருந்தீங்கு நேரும் என 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதன் எச்சரித்தார். அஞ்சல் தலை வெளிவருவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே கூறப்பட்ட எச்சரிக்கை அது. பின்னர் பஞ்சாபில் நெல்லும் கோதுமையும் மாறிமாறிப் பயிராகி நிலத்தடி நீர் கீழே சென்றது. பயறு வகைகளின் சாகுபடி பின்தங்கியது. மழையை நம்பிய மாவட்டங்கள் நெடுங்காலம் இப்பயனைப் பெறவில்லை. எதிர்த்தவர்கள் அன்று எழுப்பிய ஐயங்களுள் சில உண்மையாயின. அதனால் 1966இன் முடிவு தவறென்று ஆகாது. முடிவுக்குப் பின் அதே கவனத்துடன் விவரங்களைப் பின்தொடரவில்லை என்பதே பிழை. துணிந்து தொடங்கியவர்கள் துணிந்து திருத்தவும் வேண்டும். திருத்துவதற்குத் தொடங்குவதைவிட மிகுந்த துணிவு வேண்டும்; ஏனெனில் அப்போது பாதுகாக்க ஒரு புகழ் உண்டாகியிருக்கும்.

முடிவுரை

ஆகவே, துணிவா அறிவா என ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைத் தள்ளுவது பொருந்தாது. எனினும் வினாவைத் தட்டிக் கழிப்பதும் முறையன்று. இரண்டுள் ஒன்று தலைவரிடமே இருந்தாக வேண்டும் எனின், அது துணிவுதான். அறிவைப் பிறரிடமிருந்து பெறலாம். முடிவின் பொறுப்பைப் பிறருக்குக் கொடுத்தல் இயலாது. ஆனால் அத்துணிவு மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது. உண்மையைக் கூறுபவர் அஞ்சாமல் கூறும் வழி திறந்திருக்க வேண்டும். முடிவு பிழைத்தால் அதன் சுமை எவர்மீது எவ்வளவு விழும் என்பது முன்னரே கணக்கிடப்பட வேண்டும். தவறு தெரிந்தபின் திருத்திக்கொள்ளும் மனம் வேண்டும். இம்மூன்றும் இல்லாத துணிவு பிடிவாதமே.

இது தலைவர்களுக்கு மட்டும் உரிய பாடமும் அன்று. விளைச்சல் கணக்கைக் குறிக்கும் கிராம அலுவலர், அதனைத் தொகுக்கும் வட்டார அதிகாரி, குறிப்பு எழுதும் செயலாளர் ஆகிய ஒவ்வொருவரும் தலைமையின் கண்களாக உள்ளனர். கண் பொய் கூறினால் கால் பள்ளத்தில் விழும்; விழுபவர் தலைவர் அல்லர், நியாயவிலைக் கடை வரிசையில் பையுடன் நிற்கும் குடிமகனே. உள்ளதை உள்ளவாறு எழுதும் ஒரு சிற்றூர் அலுவலரின் நேர்மையிலிருந்துதான் ஒரு நாட்டின் துணிவான முடிவு தொடங்குகிறது.